வழியில் விட்டு வந்த ஒன்பது கல்



இந்த மாதம் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். கஷ்டத்தில் இருக்கிறவனுக்கு உதவி செய்ய வேண்டும் என்று நாம் எல்லாரும் சொல்லுகிறோம். நானும் எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் கஷ்டத்தில் இருக்கிறவனுக்கு மற்றவர்களிடத்தில் கடமை ஏதாவது உண்டா? வழியிலே விழுந்து கிடக்கிறவன் வாங்கிக்கொள்ள மட்டும்தானா, அல்லது அவனும் யாருக்காவது கணக்கு ஒப்புவிக்க வேண்டுமா? இதை வேதாகமக் கல்லூரியில் நான் படிக்கவில்லை. ரோட்டில் படித்தேன். அதுவும் ஒரு தப்பைச் செய்துவிட்டுப் படித்தேன்.

ரிக் வண்டியும் அதன் வீடும்

ஊழியத்துக்கு வருமுன் நான் ரிக் வண்டியில் கிளீனராக இருந்தேன். திருச்செங்கோடு பக்கத்துக்காரர்களுக்கு ரிக் வண்டியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன். ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்த வண்டிகள் எங்கள் ஊரிலிருந்து இந்தியா முழுக்கப் போகின்றன. வறண்ட சீமை எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு திருச்செங்கோட்டு வண்டி நிற்கும். ஆப்பிரிக்கா வரைக்கும் போன வண்டிகள் உண்டு.

ரிக் வண்டி ஒருபோதும் தனியாகப் போகாது. முன்னால் துளை போடுகிற வண்டி. பின்னால் இன்னொரு லாரி. அந்தப் பின் வண்டியில் இருபதடி ராடுகள், டீசல் பேரல், சாமான் பெட்டி, ஸ்டவ், அரிசி மூட்டை, பாய், தலையணை எல்லாம் இருக்கும். அதுதான் எங்கள் சமையலறை, அதுதான் எங்கள் படுக்கையறை. வெளிநாட்டில் வசதியுள்ளவர்கள் விடுமுறைக்கு வண்டியின் பின்னால் ஒரு சின்ன வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்களாம். நாங்கள் வயிற்றுப் பிழைப்புக்காக வீட்டைக் கூடவே கொண்டு போனோம். வீடு திரும்ப ஆறு மாதம் ஆகும், எட்டு மாதமும் ஆகும்.

2001-ம் வருஷம் ஏப்ரல் மாதம். எனக்கு அப்போது இருபது வயது. நாக்பூருக்குத் தெற்கே, ஹிங்கன்காட் தாண்டுவதற்கு முன்னால், ரிக் வண்டியின் பின் ஆக்சில் ஷாஃப்ட் முறிந்தது. அப்போது அந்த ரோட்டுக்கு என்.எச். 7 என்று பெயர், இன்றைக்கு அதுவே 44. நம்ம நாமக்கல் வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகிற அதே ரோடுதான். ஆனால் வீடு ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால்.

ஆக்சில் ஷாஃப்ட் முறிந்தால் என்ன ஆகும் தெரியுமா? இன்ஜின் ஓடும், கியர் விழும், கிளச்சும் நன்றாக இருக்கும். ஆனால் சக்கரம் நகராது. இன்ஜினுடைய பலம் எல்லாம் முறிந்த பக்கமே சுற்றி வீணாகிவிடும். சத்தம் மட்டும் வரும்.

சாயங்காலம் நாலு மணி. வண்டி பாதி தார் ரோட்டிலும் பாதி மண்ணிலுமாக நின்றுவிட்டது. டிரைவர் அண்ணன் இறங்கிப் பார்த்து, "கண்ணு, மொதல்ல கல்லு வைடா" என்றார். எங்களிடம் முக்கோணப் பலகை கிடையாது. அந்தக் காலத்தில் எத்தனை வண்டியில் இருந்தது? நான் ஓரத்திலிருந்து கற்களைப் புரட்டி வந்து, வண்டிக்குப் பின்னால் ரோட்டில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றும் உரித்த தேங்காயைவிடப் பெரிது. நடுவில் வேப்பங்கிளையை ஒடித்துச் சொருகினேன். மொத்தம் ஒன்பது கல். வைத்தவன் நான்தான், ஆகையால் எண்ணிக்கை மறக்கவில்லை.

மூன்று நாள்

அன்று ராத்திரி டி.என். 28 நம்பர் லாரி ஒன்று எங்கள் நம்பரைப் பார்த்து நிறுத்தியது. நாமக்கல் வண்டி. டிரைவர் அண்ணனை ஏற்றிக்கொண்டு நாக்பூரில் இறக்கிவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் அண்ணன் புது ஷாஃப்ட்டோடு வந்தார். மாட்டிப் பார்த்தால் பல் எண்ணிக்கை ஒத்துவரவில்லை. முறிந்த துண்டு உள்ளே மாட்டிக்கொண்டிருந்ததால் அவர் அதைக் கொண்டு போகாமல் வாய்ச் சொல்லாகக் கேட்டு வாங்கி வந்திருந்தார். அப்புறம் எதிர்ப்பக்கத்து ஷாஃப்டையும் உருவி, அந்த வழியாகக் கம்பியை விட்டு முறிந்த துண்டைக் குத்தித் தள்ளி வெளியே எடுத்தோம். அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மறுபடியும் நாக்பூர் போனார்.

அந்த மூன்று நாளும் வண்டியை விட்டு யாரும் அசையக்கூடாது. அசைந்தால் டீசல் போய்விடும், டூல்ஸ் போய்விடும். தண்ணீர் தீர்ந்துபோனது. ஏப்ரல் வெயில், கரிசல் மண் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. நிலத்தில் தண்ணீர் எடுக்கிற வண்டியை வைத்துக்கொண்டு நாங்கள் தண்ணீருக்கு நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்தோம்!

இரண்டாம் நாள் காலையில் ஒரு பெரியவர் மாட்டு வண்டியில் வந்தார். பருத்திக் காட்டுக்காரர். அவர் பேசின மராத்தி எங்களுக்குப் புரியவில்லை, எங்கள் தமிழ் அவருக்குப் புரியவில்லை. காலிக் குடத்தைப் பார்த்தார், போய்விட்டார். ஒரு மணி நேரத்தில் இரண்டு குடம் தண்ணீரும், துணியில் சுற்றிய சோள ரொட்டியும், இடித்த மிளகாயும், வெங்காயமும் கொண்டுவந்தார். காசு நீட்டினோம். கையை ஆட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மூன்றாம் நாளும் வந்தார். விடியுமுன் அவர் மகன் சைக்கிளில் இரண்டு பால் கேன் கட்டிக்கொண்டு அதே வழியாய்ப் போவான், போகும்போது பெல் அடித்துக் கையைக் காட்டுவான்.

பிரியமானவர்களே, நமது சபைகளில் நல்ல சமாரியன் கதையை வாசிக்கும்போது நாம் எல்லாரும் நம்மைச் சமாரியனாகத்தான் நினைத்துக்கொள்ளுகிறோம். அல்லது, "ஐயோ, நான் அந்த லேவியனைப் போல இருந்தேனே" என்று கொஞ்சம் வருத்தப்படுகிறோம். விழுந்து கிடந்தவனாக நம்மை நினைப்பதில்லை. அந்த மூன்று நாள் நான் விழுந்து கிடந்தவன். கீழே கிடக்கிறவனால் தனக்கு உதவி செய்கிறவன் யார் என்று தெரிந்தெடுக்க முடியாது. எந்த ஊர், எந்த ஜாதி, எந்த பாஷை என்று கேட்டுத் தண்ணீர் குடிக்க முடியாது. ஆனால் நாங்கள் ஓட்டிப் போகும்போது வேறு ஸ்டேட் வண்டி நின்றால் நிறுத்தினோமா? இல்லை. டி.என். என்று எழுதியிருந்தால் நிறுத்துவோம். நம்ம நம்பர் என்றால் அடுத்தவன், மற்ற நம்பர் என்றால் அந்நியன். நம்பர் பிளேட்டிலேயே நமது அன்பு முடிந்துபோகிறது.

இதை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன், ஜனங்களும் சந்தோஷமாய்க் கேட்டார்கள். ஆனால் கதையின் மீதியை நான் எங்கும் சொன்னதில்லை. இன்று சொல்லுகிறேன்.

நான் சொல்லாமல் விட்ட மீதி

மூன்றாம் நாள் பொழுது சாயும்போது சரியான ஷாஃப்ட் வந்து சேர்ந்தது. மாட்டினோம். வண்டி நகர்ந்தது. எங்களுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. முதலாளி எஸ்.டி.டி. பூத் போனிலேயே அண்ணனைக் கடுமையாய்ப் பேசியிருந்தார். அடுத்த பாயிண்டுக்காரர் வேறு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார் என்று பயம். சாமானை வாரிப் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

முப்பது கிலோமீட்டர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். டம்ளரைக் கையில் வாங்கினேன். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"அண்ணா, கல்லை எடுக்கலீங்களே."

அண்ணன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அப்புறம், "அட உடு கண்ணு. வர்றவன் பாத்துப் போவான். இதுக்குன்னு முப்பது கிலோமீட்டர் திரும்பிப் போறதா?" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. டீயைக் குடித்தேன். வண்டி ஏறினேன்.

முன்பு எங்கள் வண்டி அங்கே நின்றது. வருகிறவர்கள் வண்டியைப் பார்த்து விலகிப் போனார்கள். இப்போது வண்டி இல்லை. வேப்பங்கிளை காய்ந்து சுருண்டுவிட்டது. தார் ரோட்டில் ஒன்பது கருங்கல் மட்டும் இருட்டில் கிடக்கிறது. விடியுமுன் அந்த வழியாய் யார் வருவான்? சைக்கிளில் பால் கேன் கட்டிக்கொண்டு, எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தவருடைய மகன் வருவான்.

அவனுக்கு ஏதாவது ஆனதா? எனக்குத் தெரியாது. இன்றுவரைக்கும் தெரியாது. ஒருவேளை யாராவது நல்ல மனுஷன் இறங்கி எடுத்துப் போட்டிருக்கலாம். சில வருஷங்களுக்கு முன் நாக்பூர் பக்கம் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த இடத்தைத் தேடினேன். நான்கு வழிச் சாலையாகிவிட்டது. அடையாளம் சொன்ன மரங்கள் இல்லை. இடத்தைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அண்ணனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் நினைக்காததை அவர் செய்யவில்லை. எனக்கு நினைவு வந்தது, அதற்குப் பிறகும் நான் வண்டி ஏறினேன்.

கல் வைத்தது பாவமா?

இப்போது யோசியுங்கள். கல் வைத்தது பாவமா? இல்லவே இல்லை. வைக்காமல் இருந்திருந்தால் அதுதான் பாவம். அந்தச் சாயங்காலம் நாலு மணிக்கு அந்தக் கல் உயிரைக் காக்கிற கல். மூன்றாம் நாள் சக்கரம் நகர்ந்த நிமிஷத்திலிருந்து அதே கல் உயிரை வாங்குகிற கல். கல் மாறவில்லை, இடமும் மாறவில்லை. எங்கள் ஆபத்து முடிந்துவிட்டது, அவ்வளவுதான். ஆபத்துக்காகச் செய்த ஒரு நியாயமான காரியம், ஆபத்து முடிந்த பிறகும் அப்படியே கிடந்தால் அநியாயமாய் மாறிப்போகிறது. இதைத்தான் நான் அந்த டீக்கடையில் கற்றுக்கொண்டேன்.

சிலர் கேட்கலாம், "பாஸ்டர், ஏற்கெனவே கஷ்டப்பட்டவன் தலையில் இன்னும் ஒரு பாரத்தை ஏற்றுகிறீர்களே?" நியாயமான கேள்வி. என் பதில் இது. விழுந்து கிடக்கிற நேரத்தில் அவனிடத்தில் ஒன்றும் கேட்கக்கூடாது. தண்ணீர் கொடு, ரொட்டி கொடு, கணக்குக் கேட்காதே. ஆனால் சக்கரம் உருண்டவுடனே அவனுடைய கடமையும் உருள ஆரம்பிக்கிறது. அது அவனுக்குப் பாரம் அல்ல, கனம். உனக்கும் கடமை உண்டு என்று சொல்லும்போதுதான் நாம் ஒருவனை நம்மைப்போல ஒரு முழு மனுஷனாக மதிக்கிறோம். "பாவம், அவனிடத்தில் என்ன கேட்பது" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அவனை என்றைக்கும் ரோட்டோரத்திலேயே படுக்க வைத்துவிடுகிறோம்.

இன்னும் சிலர் சொல்லலாம், "ஒன்றும் ஆகாமல் இருந்திருந்தால் அப்புறம் என்ன குற்றம்?" இதை நான் இருபது வருஷத்துக்கு மேல் யோசித்திருக்கிறேன். இரண்டு லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் கல்லை எடுக்காமல் போனார்கள். ஒருவன் விட்ட கல்லில் மோதி ஒருவன் விழுந்தான். மற்றவன் விட்ட கல்லை யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். உலகத்தின் பார்வையில் முதலாமவன் குற்றவாளி, இரண்டாமவன் தப்பித்தவன். ஆனால் இரண்டு பேரும் செய்தது ஒரே காரியம்! நடுவில் நின்றது அவர்களுடைய நல்ல குணம் அல்ல, யாரோ ஒரு மூன்றாவது ஆள். நான் அந்த இரண்டு பேரில் யார் என்று எனக்கே தெரியாது. தெரியாமல் இருப்பதனால்தான் ஒன்று தெளிவாயிற்று. என் குற்றத்தை ஹிங்கன்காட் ரோட்டில் தேட வேண்டியதில்லை. அது முப்பது கிலோமீட்டர் தள்ளி, என் கையில் டீ டம்ளர் இருந்த இடத்தில் இருக்கிறது.

யாத்திராகமம் 21-ம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை எடுத்து வாசித்துப் பாருங்கள். ஒருவன் குழி வெட்டி மூடாமல் விட்டு, அதில் மாடோ கழுதையோ விழுந்தால் குழிக்குரியவன் ஈடு கொடுக்க வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. குழி வெட்டினது தப்பு என்று அங்கே சொல்லவில்லை. தண்ணீருக்காக வெட்டுகிறான், தானியத்துக்காக வெட்டுகிறான். மூடாமல் விட்டதுதான் கணக்கு. ரிக் வண்டியில் வேலை செய்த எனக்கு அந்த வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் நெஞ்சு அடிக்கும். 2010-ல் உச்ச நீதிமன்றம் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூட வேண்டும் என்று வழிமுறைகளைக் கொடுத்தது. அப்படியிருந்தும் 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து மரித்தது. நாடே நாலு நாள் அழுதது. தண்ணீர் தேடின குழி, தண்ணீர்க் கஷ்டம் என்கிற நியாயமான காரணம். வேலை முடிந்த பிறகு சரியாக மூட மட்டும் யாருக்கும் நேரம் இல்லை.

அவசரம் என்கிற சத்துரு

நேரம் இல்லை! நம்முடைய தப்புகளில் பாதிக்கு இதுதான் காரணம். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் ஒரு சோதனை செய்தார்கள். ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் 1973-ல் அதை வெளியிட்டார்கள். ஊழியத்துக்குப் படிக்கிற 40 மாணவர்கள். ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொரு கட்டிடத்துக்குப் போய்ப் பேச வேண்டும். சிலருக்குக் கொடுத்த பொருளே நல்ல சமாரியன் கதை! போகிற வழியில் ஒரு ஆள் இருமிக்கொண்டு, முனகிக்கொண்டு வாசற்படியில் சாய்ந்து கிடப்பதுபோல ஏற்பாடு செய்திருந்தார்கள். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 100-க்கு 63 பேர் நின்று உதவினார்கள். நேரமாகிவிட்டது, ஓடு என்று அனுப்பப்பட்டவர்களில் 100-க்கு 10 பேர்தான் நின்றார்கள். சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறவனா, வேறு பொருளில் பேசப் போகிறவனா என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. பிரசங்கக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டே அவனைத் தாண்டிப் போனவர்கள் உண்டு.

நான் இதை வாசித்தபோது சிரிக்கவில்லை. டீக்கடைதான் ஞாபகம் வந்தது. அவர்கள் கெட்டவர்கள் அல்ல, அவசரக்காரர்கள். எங்கள் அண்ணனும் கெட்டவர் அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். நின்று உதவுகிறவனுக்கு இருந்த பயத்தை நமது தேசத்தின் சட்டம் ஓரளவு நீக்கியிருக்கிறது. டெல்லியில் 2007-ல் பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பையன் விபத்தில் அடிபட்டு, சுற்றி ஜனங்கள் இருந்தும் உதவியில்லாமல் மரித்தான். அவனுடைய உறவினர் பியூஷ் திவாரி ஒரு அமைப்பை ஏற்படுத்தி உச்ச நீதிமன்றம் வரை போனார். 2016 மார்ச்சில் நீதிமன்றம் உதவுகிறவர்களைக் காக்கிற வழிமுறைகளை உறுதிப்படுத்தியது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவு வந்தது. அந்தப் பிரிவு உதவுகிறவனை என்ன பெயரால் அழைக்கிறது தெரியுமா? நல்ல சமாரியன் என்றே அழைக்கிறது! அடிபட்டவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் போலீஸ், கோர்ட் என்று இழுப்பார்கள் என்ற பயம் இனி வேண்டாம். சட்டம் பயத்தை நீக்கும். ஆனால் எந்தச் சட்டமும் உன்னை முப்பது கிலோமீட்டர் திரும்பிப் போக வைக்காது. பத்துக் குஷ்டரோகிகள் சுகமானார்கள், ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேரும் தப்பான வழியில் போகவில்லை. திரும்பவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்குள் கிடக்கிற கல்

"நாங்கள் லாரி ஓட்டுகிறவர்கள் அல்ல, இது எங்களுக்கு எதற்கு?" என்று கேட்கிறீர்களா? ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லுகிறேன். எந்த ஊர் என்று வேண்டாம். தகப்பனுக்கு விபத்து ஏற்பட்டு நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தாயார் கூட இருக்க வேண்டும். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். ஆகவே ஒன்பதாவது படிக்கிற மூத்த மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். வேறு வழியில்லை, அந்த நேரத்தில் அது நியாயமே. அது ரோட்டில் வைத்த கல்.

தகப்பன் எழுந்தார். வேலைக்குப் போனார். சபையில் சாட்சி சொன்னார், எல்லாரும் கை தட்டி ஸ்தோத்திரம் பண்ணினோம். நான்தான் ஜெபித்தேன். மகள்? அவள் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தாள். கஷ்ட காலத்துக்கென்று ஆரம்பித்த சம்பளம், கஷ்டம் தீர்ந்த பிறகும் தேவைப்பட்டது. இரண்டு வருஷம் அவள் சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்த்தேன், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. வண்டி ஓடுகிறது என்ற சந்தோஷத்தில் நானும் மறுபடியும் கல்லை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்!

இப்படி எத்தனை கற்கள்! துக்க நேரத்தில் அண்ணன் தம்பிகளைப் பார்த்துச் சொன்ன கடுஞ்சொல். துக்கம் ஆறிவிட்டது, சொல் அப்படியே கிடக்கிறது. 2020 ஊரடங்கில் கடன் வாங்கினோம். கொடுத்தவர் கேட்கக் கூச்சப்பட்டார், நாமும் கண்டுகொள்ளவில்லை. இன்று நமது வீட்டில் புது டூவீலர் நிற்கிறது. கைப்பிள்ளையோடு கஷ்டப்படுகிறோமே என்று பக்கத்து வீட்டு ஆயா கொடுத்த பாத்திரம் நமது அலமாரியில் இருக்கிறது. நமக்கு அது பழகிப்போன பொருள். வழியில் வருகிறவனுக்கு அது தடை.

நமது கொங்கு நாட்டுப் பழைய வழிகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவன் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை அதன்மேல் சாய்த்து இளைப்பாறலாம். பெரும்பாலும் பிள்ளைத்தாய்ச்சியாய் மரித்த பெண்களின் ஞாபகமாக அதை வைப்பார்கள். தங்கள் கஷ்டத்தின் ஞாபகமாய் மற்றவனுடைய பாரத்தை இறக்க ஒரு கல்லை வைத்தார்கள் அந்த ஜனங்கள். நாமோ நமது கஷ்டத்தின் ஞாபகமாய் மற்றவன் இடறி விழ ஒன்பது கல்லை விட்டுப் போகிறோம். இரண்டும் கல்தான் பிரியமானவர்களே!

வண்டியில் போகிற சகோதரருக்கு

வண்டி ஓட்டுகிற தம்பிமார்களுக்கு நான்கு வார்த்தை. முதலாவது, வண்டி நின்றால் முடிந்தமட்டும் ரோட்டை விட்டு ஒதுக்கு. நாலு விளக்கையும் போடு. முக்கோணப் பலகையை நன்றாகப் பின்னால் தள்ளி வை, வளைவு இருந்தால் வளைவுக்கு முன்னாலேயே வை. இரண்டாவது, தேசிய நெடுஞ்சாலையில் 1033, ஆளுக்கு அடிபட்டிருந்தால் 108. மூன்றாவது, பார்ட்ஸ் வாங்கப் போகும்போது முறிந்த துண்டைக் கையோடு கொண்டு போ. நான்காவது, கிளம்புமுன் கடைசியாய் ஏறுகிறவன் கல்லை எண்ணட்டும். எத்தனை வைத்தோமோ அத்தனையும் ரோட்டை விட்டு இறங்கின பிறகுதான் கியர் போட வேண்டும்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் நான் அந்தச் சகோதரர் வீட்டுக்குப் போனேன். டம்ளரில் டீ கொடுத்தார்கள். நான் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். "ஏனுங்க பாஸ்டர், ஆறிப்போகுதுங்களே" என்று அந்தத் தாயார் கேட்டார்கள். நான் ஹிங்கன்காட் ரோட்டைப் பற்றிச் சொன்னேன். ஒன்பது கல்லைப் பற்றியும் சொன்னேன். அப்புறம், "மகளைப் பற்றிக் கேட்க வந்தேன், இரண்டு வருஷம் தாமதமாய் வந்தேன், என்னை மன்னியுங்கள்" என்றேன். தகப்பன் ரொம்ப நேரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். "அந்தச் சம்பளம் இல்லாட்டி வாடகைக்கு என்னங்க பண்றது?" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. சபையில் நாலு பேராய்ச் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கல்லை எடுப்பதற்கும் பல கைகள் வேண்டியிருக்கிறது.

அந்தப் பிள்ளை இப்போது மில்லை விட்டுவிட்டாள். பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதப் படித்துக்கொண்டிருக்கிறாள். கணக்குதான் வரமாட்டேன் என்கிறது என்று சொல்லுகிறாள். தேர்ச்சி பெறுவாளோ இல்லையோ, எனக்குத் தெரியாது. ஆனால் அவள் வழியில் நாங்கள் வைத்த கல் இப்போது அங்கே இல்லை.

பிரியமானவர்களே, கர்த்தர் உங்களை எந்த வழியோரத்திலிருந்து தூக்கியெடுத்தார் என்று நினைத்துப் பாருங்கள். ஸ்தோத்திரம் பண்ணுங்கள். பண்ணிவிட்டு, ஒருமுறை திரும்பிப் பாருங்கள். எத்தனை கல் வைத்தீர்கள்? எத்தனையை எடுத்தீர்கள்? முப்பது கிலோமீட்டர் தாண்டிவிட்டோமே என்று நினைக்க வேண்டாம். நினைவு வந்த இடத்திலிருந்து திரும்பிவிட்டால் போதும்.

ஜெபம்: பரம தகப்பனே, வழியிலே எங்களைக் கைவிடாமல் காத்தீரே, ஸ்தோத்திரம். எங்கள் ஆபத்தில் நாங்கள் வைத்து, எங்கள் அவசரத்தில் மறந்த கற்களை எங்களுக்குக் காட்டும். அந்தப் பால்காரப் பையனை, அவன் எங்கே இருந்தாலும், ஆசீர்வதியும். திரும்பிப் போகிற பெலனைத் தாரும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.